கூரையில் பேனல் இருந்தும் வீடு இருட்டாவது ஏன்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று ஓர் இரவோடு அடங்கிவிட்டது. கரண்ட் வர, பல கிராமங்களில் வாரக்கணக்கில் ஆயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் வயல் தண்ணீரில் இறங்கி, கம்பங்களைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். ஊருக்குள் வாடகை ஜெனரேட்டர் வண்டியில் ஏறி வந்தது. மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஒரு தொகை, செல்போனுக்கு சார்ஜ் போட ஒரு தொகை. இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

அத்தனை நாளும் சூரியன் வராமல் போய்விடவில்லை. மொட்டை மாடியில் வெயில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லை, அவ்வளவுதான்.

இன்று நிலைமை மாறிவிட்டதாக நினைக்கிறோம். தெருவுக்கு இரண்டு வீட்டில் பேனல் மின்னுகிறது. ஆனால் நாளைக்கே அப்படியொரு புயல் வந்தால், பேனல் போட்ட வீடுகளில் பெரும்பாலானவையும் பக்கத்து வீட்டைப் போலவே இருட்டில்தான் இருக்கும். உச்சி வெயில் அடிக்கும்போதுகூட அங்கே ஒரு மின்விசிறி சுற்றாது. பேனல் வாங்கியவர்களில் பலருக்கு இது முதல் மின்வெட்டு அன்றுதான் தெரியவருகிறது. விற்கும்போது யாரும் சொல்வதில்லை. பேனல் வேறு, கரண்ட் போனால் கைகொடுக்கும் ஏற்பாடு வேறு என்பதைப் புரியவைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

கரண்ட் போனதும் பேனல் ஏன் நிற்கிறது?

மானியத்தோடு போடப்படும் பேனல்களில் மிகப் பெரும்பாலானவை 'ஆன்-கிரிட்' வகை இன்வெர்ட்டரோடு இணைந்தவை. இந்த இன்வெர்ட்டர் தன்னிச்சையாக வேலை செய்யாது. மின்வாரியக் கம்பியில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தாளத்தைக் கேட்டு, அதற்கு இசைவாகத்தான் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்குள் விடும். தாளம் நின்றால் வாசிப்பும் நின்றுவிடும். அதுவும் ஓரிரு நொடிகளுக்குள் நிற்க வேண்டும் என்பது விதி.

விதிக்குக் காரணம் கம்பத்தில் ஏறும் லைன்மேன். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி அவர் கம்பியைத் தொடுகிறார். அந்த நேரத்தில் நம் கூரையிலிருந்து மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். ஆகவே இன்வெர்ட்டர் நிற்பதைக் குறை என்று சொல்லக் கூடாது. யாராவது எலக்ட்ரீஷியன் "அதை பைபாஸ் பண்ணி ஓட விட்டுரலாம் சார்" என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜெனரேட்டரை சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்க ஓட்டுகிறார்களே, அதுவும் இதே குற்றம்தான்.

மின்வெட்டிலும் பேனல் வேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'ஆஃப்-கிரிட்' எனப்படும் தனி ஏற்பாடு: பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், அதோடு சரி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்க முடியாது. மற்றொன்று 'ஹைப்ரிட்'. கரண்ட் இருக்கும்போது ஆன்-கிரிட் போல மின்வாரியத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்யும். கரண்ட் போனதும் தெருக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, பேனலையும் பேட்டரியையும் வைத்து வீட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மின்சாரம் தரும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு, கையில் பணம் இருந்தால், ஹைப்ரிட்தான் என் தேர்வு. ஏற்கெனவே ஆன்-கிரிட் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டாம். பேனலும் தாங்கு சட்டமும் அப்படியே இருக்க, இன்வெர்ட்டரை மட்டும் மாற்றிப் பேட்டரி சேர்க்க முடியும்.

பேட்டரிக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

கடைக்குப் போனால் முதல் கேள்வி "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியில் சிக்காதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் எது ஓடியே ஆக வேண்டும்?

நான் எழுதிய பட்டியலைச் சொல்கிறேன். நான்கு பேர் உள்ள வீடு. இரவில் மூன்று மின்விசிறி. மழை பெய்து குளிர்ந்தாலும் விசிறி வேண்டும், வெள்ளம் வடிந்த ஊரில் கொசுவை விரட்ட வேறு நல்ல வழியில்லை. நான்கு எல்.இ.டி. பல்பு. வைஃபை பெட்டி. நான்கு செல்போன். செய்தி பார்க்க இரண்டு மணி நேரம் டி.வி. பிறகு ஃப்ரிட்ஜ்.

இப்போது கணக்கு. புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் எடுக்கும். மூன்று விசிறி, இரவில் பத்து மணி நேரம்: 900 வாட்-மணி. பல்பு ஒன்பது வாட், நான்கு பல்பு, ஐந்து மணி நேரம்: 180. வைஃபை இரவு முழுக்க 120. செல்போன்களுக்கு 60. டி.வி.க்கு 100. ஆக, ஃப்ரிட்ஜ் நீங்கலாக 1,360 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் என்பதால் ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10 முதல் 15 சதவீதம் தின்றுவிடும். எனவே பேட்டரியிலிருந்து ஓர் இரவுக்கு எடுக்க வேண்டியது சுமார் 1,600 வாட்-மணி.

அதே மூன்று விசிறியும் பழைய மாடலாக இருந்தால்? ஒன்று 75 வாட். பத்து மணி நேரத்தில் 2,250 வாட்-மணி. விசிறியை மாற்றியதால் மட்டும் ஓர் இரவில் 1,350 வாட்-மணி மிச்சம். கடையில் விற்கும் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து அது கெடாமல் எடுக்கக்கூடிய மின்சாரத்தைவிட இந்த மிச்சம் அதிகம்! பேட்டரி சில ஆண்டுகளில் தேயும். விசிறி நாள்தோறும், கரண்ட் இருக்கும்போதும், மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே சோலாருக்கென்று வைத்த பணத்தில் முதல் செலவு பி.எல்.டி.சி. விசிறியாக இருக்கட்டும். இதைச் சொல்லும் சோலார் வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மட்டும் பல மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் 'ஓவர்லோட்' காட்டி நின்றுவிடும். என் யோசனை இது: நீண்ட மின்வெட்டில் ஃப்ரிட்ஜைப் பகலில் பேனலிலிருந்து மட்டும் ஓட்டுங்கள், இரவில் அணைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து உறையவைத்தால், கதவைத் திறக்காதவரை இரவின் பெரும்பகுதி குளிர்ச்சி நிற்கும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜை இரவுக் கணக்கிலும் சேருங்கள்.

ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். ஒன்றரை டன் ஏசியை ஓர் இரவு ஓட்டும் பேட்டரிக்கு ஆகும் பணத்தில் மேலே சொன்ன வீட்டைப் போல் பல வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் தரலாம்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஐந்து லிட்டர் கருவி 300 முதல் 350 வாட் எடுக்கும். ஒரு நாளுக்கு ஏழெட்டு யூனிட். ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி முழுதாக இருந்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்தான் தாங்கும். அந்த வீடுகளில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருந்தே ஆக வேண்டும்.

டியூபுலரா, லித்தியமா?

2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டு தமிழ்நாட்டை வாட்டியபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. மாடிப்படிக்குக் கீழே அந்த டியூபுலர் வகைப் பேட்டரி இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறது. அதன் மேல் எழுதியிருக்கும் 150 ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஆனால் அது முழுவதும் நமக்குக் கிடையாது. டியூபுலர் என்பது ஈயப் பேட்டரி. அதைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் சட்டென்று குறையும். நல்லபடியாக நடத்தினால் 900 வாட்-மணி நம்முடையது.

இன்னொரு விஷயம். பேட்டரியின் மேல் 'சி20' என்று போட்டிருந்தால், 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும் என்று அர்த்தம். அதாவது ஏழரை ஆம்பியர், ஏறக்குறைய 90 வாட். அவசரமாக 600 வாட் இழுத்தால் அதைவிடக் குறைவாகவே தரும். சோலாருக்கென்று விற்பவற்றில் 'சி10' என்று இருக்கும். இரண்டில் அதுவே நல்லது.

முன்பு சொன்ன 1,600 வாட்-மணி இரவுக்கு இத்தகைய டியூபுலர் பேட்டரி இரண்டு தேவை. லித்தியம் என்றால் 51.2 வோல்ட், 50 ஆம்பியர்-மணிப் பெட்டி ஒன்று: 2,560 வாட்-மணி, அதில் 90 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். ஃப்ரிட்ஜையும் இரவில் ஓட்டும் அளவுக்கு இடம் இருக்கும்.

விலையை மட்டும் பார்த்தால் டியூபுலர் மலிவு. ஆனால் புயல்காலத்துக்கு நான் லித்தியத்தின் பக்கம். காரணம் ஆயுள் மட்டுமல்ல. ஈயப் பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும். 150 ஆம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர் என்ற அளவில் ஊட்டினால் காலிப் பேட்டரி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். நம் ஊரில் நல்ல வெயில் ஐந்து மணி நேரம். முதல் நாள் இரவு காலியானது அடுத்த நாள் முழுதாக நிரம்பாது. இப்படி அரைகுறையாகவே நாலைந்து நாள் போனால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியே கெட்டுப்போகும். லித்தியம் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். மேகம் விலகி ஒரு மணி நேரம் வெயில் அடித்தாலும் அதை வாரி எடுத்துக்கொள்ளும். கார்த்திகை மாத வானத்துக்கு இந்தக் குணம்தான் முக்கியம்.

லித்தியத்திலும் வகை உண்டு. வீட்டுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை மட்டும் வாங்குங்கள்; எளிதில் தீப்பிடிக்காத வகை அது. பேட்டரிக்குள்ளேயே மேலாண்மைச் சுற்று இருக்க வேண்டும், அது உங்கள் இன்வெர்ட்டரோடு தகவல் பரிமாறக்கூடிய ஜோடியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய செல்களைக் கோத்து உள்ளூரில் கட்டித்தரும் மலிவுப் பேட்டரி வேண்டவே வேண்டாம்.

டியூபுலரோடு வாழ்கிறவர்களுக்கு: டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதீர்கள், போர் தண்ணீர் பேட்டரியைக் கொன்றுவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். பூஜை விளக்கு பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டு பேட்டரியில் ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுங்கள். புதியதைப் பழையதோடு சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த வகையானாலும் வெயில் காயும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி.

மழைநாளுக்குப் பேனல்

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். விற்பவர் இந்த எண்ணைத்தான் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் நமக்குப் பேட்டரி உயிர் காக்க வேண்டிய நாட்கள் சராசரி நாட்கள் அல்ல. நீண்ட மின்வெட்டு வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். வானம் முழுக்க மூடிய நாளில் அதே பேனல் அரை யூனிட்டும் தரலாம், ஒரு யூனிட்டும் தரலாம். நமக்கு ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் வேண்டியிருக்கும்போது ஒரு கிலோவாட் போதாது.

இங்கே பலரும் தவறாகப் பணம் போடுகிறார்கள். பயந்துபோய் இரண்டாவது பேட்டரி வாங்குகிறார்கள். நிரப்ப வழியில்லாத இரண்டாவது பேட்டரி, முதல் நாள் இரவு தாண்டியதும் காலிப் பெட்டி. அதே பணத்தில் பேனலைக் கூட்டினால் இருண்ட நாளிலும் ஒன்றரை, இரண்டு யூனிட் சேரும். பேட்டரி ஓர் இரவுக்கு, பேனல் மழைநாளுக்கு என்று அளவெடுப்பதுதான் என் கணக்கு. மேலே சொன்ன வீட்டுக்கு மூன்று கிலோவாட் பேனலும் இரண்டரை யூனிட் லித்தியமும் நான் போடச் சொல்லும் அளவு.

மூன்று கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 300 சதுர அடி வேண்டும். தெற்கு பார்த்து, பத்து டிகிரிக்குக் குறையாமல் சாய்த்துப் போட்டால் மழையே பேனலைக் கழுவிவிடும். மாடிப்படிக் கூண்டு, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழலைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நேரில் நின்று பாருங்கள். பேனல்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒரு பேனலின் மூலையில் விழும் தொட்டி நிழல், நிழல் விழாதவற்றின் வரத்தையும் பாதிக்கும்.

மாடிப்படிக்கு அடியில் பழைய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் முழு ஏற்பாட்டுக்குப் பணம் சேரும்வரை ஒரே ஒரு பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்துக்கொள்ளலாம். கன்ட்ரோலர் 'எம்.பி.பி.டி.' வகையாக இருக்க வேண்டும். இன்றைய 550 வாட் பேனல் 42 வோல்ட், 13 ஆம்பியர் அளவில் வேலை செய்வது. மலிவான 'பி.டபிள்யூ.எம்.' கன்ட்ரோலர் அதை 12 வோல்ட் பேட்டரியின் மட்டத்துக்கு இழுத்துவிடும்: 13 வோல்ட், 13 ஆம்பியர், ஆக 170 வாட். வாங்கிய பேனலில் மூன்றில் இரண்டு பங்கு வீண். அந்த வோல்ட்டைத் தாங்காமல் கன்ட்ரோலரே எரிந்துபோகவும் கூடும்.

எந்த சுவிட்சுக்கு உயிர் இருக்கும்?

ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் வெளியே போகும் வழி இரண்டு. ஒன்று மெயினோடு சேர்வது. மற்றொன்று 'பேக்கப்' வழி. மின்வெட்டில் இரண்டாவதுக்கு மட்டும்தான் உயிர். அந்த வழியில் எந்தெந்த அறையை இணைப்பது என்பதை எலக்ட்ரீஷியன் அன்று காலையில் வந்து தன் வசதிப்படி முடிவு செய்யக் கூடாது. நீங்கள் எழுதிய பட்டியலை அவர் கையில் கொடுங்கள். பேக்கப்புக்கென்று தனியாக ஒரு டிபி பாக்ஸ், தனித்தனி எம்.சி.பி. வைக்கச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் சிக்கல் நியூட்ரலில் வரும். பல அறைகளுக்கு ஒரே நியூட்ரல் கம்பியைப் பொதுவாக ஓட்டியிருப்பார்கள். பேக்கப் அறையின் ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்தும், நியூட்ரல் பழைய வழியிலும் போனால் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி விழும், சில நேரம் இன்வெர்ட்டரும் கெடும். பேக்கப் அறைகளுக்கு நியூட்ரலையும் தனியாகப் பிரிப்பதில் ஒரு நாள் வேலை கூடும். அந்த ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேனலிலிருந்து வரும் டி.சி. கம்பியில் டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி. அல்லது ஃபியூஸ்தான் போட வேண்டும். ஏ.சி. சுவிட்சைப் போட்டால் அணைக்கும்போது உள்ளே பொறி அணையாமல் நீண்டு தீப்பிடிக்கும். டி.சி. பக்கத்துக்கு, ஏ.சி. பக்கத்துக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்று எர்த் குழிகள் வேண்டும். நிறுவிய அன்றே மூன்றையும் நேரில் எண்ணிப் பாருங்கள்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் எடுக்கும், கிளம்பும்போது அதைப் போல் பல மடங்கு. ஐந்து கிலோவாட் ஹைப்ரிட் சமாளிக்கலாம். மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர் சந்தேகம்தான். வாங்கும்போதே உங்கள் மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஓடினால் மட்டும் மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுவது எப்போதும் நண்பகலில், பேனல் முழுதாகத் தரும் நேரத்தில் இருக்கட்டும். இரவில் பேட்டரியிலிருந்து மோட்டார் போட்டால் விசிறிக்கு மிஞ்சாது.

மானியமும் செட்டிங்கும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மின்வாரியத்தோடு இணைந்த ஏற்பாட்டுக்கு மட்டும்தான். தனித்து நிற்கும் ஆஃப்-கிரிட்டுக்குக் கிடையாது. பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை, அது முழுக்க உங்கள் பணம். மூன்று கிலோவாட்டைத் தாண்டினால் மானியம் கூடாது என்பதும் நான் அந்த அளவைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சிறிய வீடாக இருந்து மின்கட்டணமே சில நூறு ரூபாய்தான் வருகிறதென்றால், கட்டணத்தை மிச்சப்படுத்தி இந்தப் பணத்தை மீட்க முடியாது. மின்வெட்டில் வெளிச்சமும் காற்றும் மட்டும் போதும் என்கிற அந்த வீடுகளுக்கு ஒரு பேனல், ஒரு எம்.பி.பி.டி., இருக்கிற இன்வெர்ட்டர் என்பதே போதும்.

நிறுவி முடித்ததும் இன்வெர்ட்டரின் செட்டிங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நானே ஒரு முறை ஏமாந்த இடம் இது. நிறுவியவர், கட்டணம் குறையட்டும் என்று, மாலை ஆனதும் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். இரவு பதினொரு மணிக்குப் பேட்டரி அடிமட்டத்தில் இருந்தபோது கரண்ட் போனது. அன்று வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் தூங்கினோம். கையிருப்பாகப் பாதிப் பேட்டரியை எப்போதும் ஒதுக்கி வைக்கும் வசதி ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் உண்டு. சாதாரண நாளில் 50 சதவீதத்தில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் 80 ஆக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும்

வானிலை மையம் தாழ்வு மண்டலம் என்று சொல்லத் தொடங்கிய அன்றே கையிருப்பை நூறு சதவீதத்துக்கு ஏற்றி, மெயின் கரண்டிலேயே பேட்டரியை நிரப்பிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். நிரம்பிய தொட்டி காற்றில் புரளாது என்பது கூடுதல் லாபம். பேனல் சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். சட்டம் நாகமுலாம் பூசியதாக இருந்து, கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கரால் பிடித்திருந்தால் தாங்கும். வெறும் சிமென்ட் கட்டையை வைத்து நிறுத்திய சட்டம் கடலோர மாவட்டங்களுக்கு லாயக்கில்லை. கீழே துணி காயப்போட வசதி என்று எட்டடி உயரத்தில் தூக்கிப் போடும் சட்டம் காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும். கடலோரத்தில் அதையும் தவிர்ப்பதே நல்லது.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் தரையில் இருக்கக் கூடாது. 2015லும் 2023லும் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த உயரத்தை உங்கள் தெருவில் பழையவர்களிடம் கேளுங்கள். அதற்கு மேல் இரண்டடி உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். முடிந்தால் முதல் மாடிக்கே கொண்டு போய்விடுங்கள்.

புயலுக்குப் பிறகு பேனல் உடைந்து கிடந்தாலும், அறுந்த கம்பி தண்ணீரில் கிடந்தாலும், கையால் தொடாதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. பல பேனல் சேர்ந்த சங்கிலியில் ஆளைக் கொல்லும் வோல்ட் இருக்கும். குழந்தைகளை மாடிக்கு விடாமல் கதவைப் பூட்டி, தெரிந்த ஆள் வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஏறிய இன்வெர்ட்டரைக் காயவைத்துவிட்டோம் என்று நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மீட்டர் பெட்டியில் மெயினை அணையுங்கள். எந்த அறை எரிகிறது, எது எரியவில்லை, காலை ஆறு மணிக்குப் பேட்டரி எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைத் தேதியோடு டிபி பாக்ஸ் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு, எந்த சுவிட்ச் எதற்கு என்று காட்டிக்கொடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் முதல் சோதனையைச் செய்துவிடுங்கள்.